சோடா ஊற்றியும் ஏறாத கேஹெச்

என் பவளத் தொட்டியில் இரண்டு வாரம் தினமும் சோடா கரைத்து ஊற்றினேன், தண்ணீரின் காரத்தன்மையைச் சொல்லும் கேஹெச் ஏறவே இல்லை. காலையில் பார்த்தால் 6.3, ஊற்றி இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 7.4, சரி வந்துவிட்டது என்று நிம்மதியாகப் போய்ப் படுத்தால் மறுநாள் காலையில் மறுபடி 6.4. மோன்டிபோரா என்ற கல் பவளத்தின் விளிம்பு வெளுத்துக்கொண்டே வந்தது. இன்னொரு கல் பவளமான அக்ரோபோராத் துண்டு ஒன்று அடியிலிருந்து தோல் உரிந்து மூன்றே நாளில் வெள்ளை எலும்பாக நின்றது. கடைசியில் பார்த்தால் பிரச்சினை கேஹெச்சில் இல்லவே இல்லை. அதைக் கண்டுபிடிக்க நான் சுற்றிய சுற்றைத்தான் இங்கே எழுதப் போகிறேன், உங்களில் யாராவது இப்போது அதே சுற்றில் இருந்தால் பாதி வழியிலேயே இறங்கிவிடலாம்.

முதலில் தொட்டியைப் பற்றி இரண்டு வரி. மூன்றடித் தொட்டி, கீழே ஒரு சம்ப் (வடிகட்டித் தொட்டி), கல்லையும் மணலையும் கழித்தால் மொத்தத் தண்ணீர் சுமார் 170 லிட்டர். தெம்பனிஸில் எங்கள் வீவக அடுக்குமாடி வீட்டில், நான் உட்கார்ந்து வேலை பார்க்கும் அறையில் இருக்கிறது. சிங்கப்பூரில் ஹீட்டர் தேவையே இல்லை, தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர்தான் வேண்டும், 26 டிகிரியில் வைத்திருக்கிறேன். இரண்டு கோமாளி மீன், ஒரு மஞ்சள் டேங் மீன், கொஞ்சம் ஸோவா என்ற மென்பவளம், ஒரு டார்ச் பவளம், அப்புறம் சமீபத்தில் ஆசைப்பட்டு வாங்கிய அக்ரோ, மோன்டி துண்டுகள் ஏழெட்டு. ஆசைதான் பிரச்சினை. ஸோவா மட்டும் இருந்த காலத்தில் நான் கேஹெச் டெஸ்ட் கிட்டைத் திறந்து பார்த்ததே அபூர்வம்.

கேஹெச் என்று நாம் சொல்வது தண்ணீரில் எவ்வளவு பைகார்பனேட், கார்பனேட் இருக்கிறது என்பதன் கணக்கு. கல் பவளங்கள் அதையும் கால்சியத்தையும் எடுத்துத்தான் எலும்பு கட்டுகின்றன. ஆனால் இரண்டும் கண்ணுக்கு ஒரே வேகத்தில் குறையாது. கேஹெச் 2.8 டிகிரி குறையும்போது கால்சியம் 20 பிபிஎம் அளவுதான் குறையும். 420 இருந்த இடத்தில் 400 என்றால் யாரும் கவலைப்பட மாட்டார்கள், டெஸ்ட் கிட்டின் பிழையே அந்த அளவுக்கு இருக்கும். கேஹெச் 8 இருந்த இடத்தில் 5.2 என்றால் பவளம் செத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதனால் முதலில் கேஹெச்சைத்தான் பார்க்கச் சொல்வார்கள், நானும் பார்த்தேன், கடலில் 7-க்குப் பக்கத்தில் இருப்பது என் தொட்டியில் 6.3.

இங்கேதான் முதல் தப்பு. குறைந்திருக்கிறது, ஏற்று என்று முடிவு கட்டிவிட்டேன். ஏன் குறைந்தது என்று கேட்கவில்லை.

கேட்கவே இல்லை என்றும் சொல்ல முடியாது. குழாய்த் தண்ணீர் மேல் ஒரு சந்தேகம் வந்தது. இங்கே குழாய்த் தண்ணீரில் குளோரின் அல்ல, குளோரினும் அமோனியாவும் சேர்ந்த குளோரமைன் போடுகிறார்கள், அது தானாக ஆவியாகிப் போகாது, ஆர்ஓ மெஷினின் கார்பன் ஃபில்டர் பழசாகிவிட்டால் பாதி உடைந்து அமோனியாவாக அந்தப் பக்கம் வரும். ஃபில்டர் மூன்றையும் மாற்றினேன், மிச்ச உப்புகளை உறிஞ்சும் டிஐ ரெசினையும் மாற்றினேன், தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் 0 காட்டியது. மாற்றுவதற்கு முன்னாலும் 0 தான் காட்டிக்கொண்டிருந்தது என்பது வேறு விஷயம். கேஹெச் 6.3.

அப்புறம் டெஸ்ட் கிட் மேல் சந்தேகம். இது நியாயமான சந்தேகம், எல்லோரும் ஒருமுறையாவது செய்து பார்க்க வேண்டியது. ஆப்ப சோடா 2.4 கிராமை ஒரு லிட்டர் ஆர்ஓ தண்ணீரில் கரையுங்கள். அதில் 100 மில்லி எடுத்து, இன்னொரு பாத்திரத்தில் ஆர்ஓ தண்ணீர் சேர்த்து ஒரு லிட்டராக்குங்கள். அந்தத் தண்ணீரின் கேஹெச் சரியாக 8. உங்கள் கிட் 8 காட்டினால் கிட் சரி, 9.5 காட்டினால் குப்பையில் போடுங்கள். 2.4 கிராம் அளக்கச் சமையல் தராசு போதாது, நகை நிறுக்கும் சின்ன டிஜிட்டல் தராசு பத்துப் பதினைந்து சிங்கப்பூர் வெள்ளிக்குக் கிடைக்கிறது. என் கிட் 7.9 காட்டியது. ஆக கிட்டும் சரி.

அப்படியானால் நிஜமாகவே குறைவு, ஊற்றியே ஆக வேண்டும் என்று இன்னும் உறுதியாகிவிட்டேன். கணக்கு எளிது. 100 லிட்டரில் ஒரு டிகிரி ஏற்ற 3 கிராம் ஆப்ப சோடா. அதையே அடுப்பில், அதாவது கேக் சுடும் ஓவனில், 200 டிகிரியில் ஒரு மணி நேரம் வறுத்தால் உள்ளே இருக்கும் கரியமில வாயுவும் ஈரமும் போய்ச் சோடா ஆஷ் ஆகிவிடும். அது 1.9 கிராம் போதும். இரண்டில் நான் சோடா ஆஷைத் தேர்ந்தெடுத்தேன், காரணம் என் தொட்டியின் பிஹெச். காலை ஆறு மணிக்கு 7.75. மாலையில் 8 தொடும், அதற்கு மேல் போகாது. ஆப்ப சோடா பிஹெச்சைக் கொஞ்சம் இறக்கும், சோடா ஆஷ் நன்றாகவே ஏற்றும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று நினைத்தேன்.

மாங்காய் விழவில்லை. ஒரு டம்ளர் கரைசலைச் சம்பில் மெயின் பம்புக்குப் பக்கத்தில் ஊற்றுவேன், விழுந்த இடத்தில் வெள்ளையாகப் புகை மாதிரி கிளம்பும், பத்து நொடியில் மறையும். கரைந்துவிட்டது என்று நினைத்தேன். கரையவில்லை. அந்த இடத்தில் பிஹெச் திடீரென எகிறி, கால்சியமும் கார்பனேட்டும் அங்கேயே சேர்ந்து சுண்ணாம்புத் தூளாக விழுந்திருக்கிறது. நான் போட்ட கேஹெச்சில் ஒரு பங்கு அப்போதே போய்விட்டது, கூடவே தொட்டியில் ஏற்கெனவே இருந்த கால்சியத்தையும் இழுத்துக்கொண்டு போனது. அதோடு நிற்காது, புதிதாக விழுந்த தூளின் மேல் இன்னும் படியும், இரவெல்லாம் படிந்துகொண்டே இருக்கும். காலையில் 6.4 என்றால் அதுதான் காரணம்.

இது எனக்குத் தெரிந்தது பம்ப் சத்தம் போட ஆரம்பித்த அன்று. கழற்றிப் பார்த்தால் இம்பெல்லரில், அதாவது உள்ளே சுழலும் துடுப்பில், காந்தம் இருக்கும் உருளை முழுக்க வெள்ளையாகச் சொரசொரவென்று ஒரு படலம், ஹோட்டல் கெட்டிலின் அடியில் பார்ப்போமே அதே மாதிரி, நகத்தால் சுரண்டினால் போகாது. எலுமிச்சை உப்பு இரண்டு ஸ்பூன் வெந்நீரில் போட்டு உள்ளே போட்டதும் சோடா பாட்டிலைத் திறந்தது போலப் பொங்கியது. அந்த நுரையைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் புத்தியில் பட்டது, இரண்டு வாரமாக நான் பவளத்துக்குச் சாப்பாடு போடவில்லை, பம்புக்குப் பவளம் வளர்த்துக்கொண்டிருக்கிறேன்.

அன்றைக்குத்தான் மற்ற இரண்டையும் அளந்தேன். கால்சியம் 370, மக்னீசியம் 1160. மக்னீசியம் குறைவு என்றதும் ஒரு விடை கிடைத்தது, ஏனென்றால் சுண்ணாம்பு படிகத்தின் மேல் போய் ஒட்டி அதை வளரவிடாமல் தடுப்பது மக்னீசியம்தான். கடலில் அது 1300-க்குப் பக்கத்தில் இருப்பதால்தான் அவ்வளவு கால்சியமும் கார்பனேட்டும் ஒரே தண்ணீரில் சண்டையில்லாமல் கரைந்து கிடக்கின்றன. சரி, அப்படியானால் மக்னீசியம் வாங்கி ஊற்ற வேண்டும் என்று கடைக்குக் கிளம்பினேன். இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிறது, கால்சியத்துக்கு மூன்றாவது பாட்டிலும் வாங்கியிருப்பேன்.

போகும் வழியில் பழைய அண்ணன் ஒருவருக்குப் போன் செய்தேன். கப்பல் பட்டறையில் வேலை, பதினைந்து வருடமாகப் பவளத் தொட்டி வைத்திருக்கிறார், அதிகம் பேச மாட்டார். மூன்று எண்ணையும் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

“தம்பி, உப்பு எவ்வளவு?”

“35 அண்ணே, நேத்துகூட பார்த்தேன்.”

“எதை வச்சுப் பார்த்தே?”

“ரிஃப்ராக்டோமீட்டர்.”

“அதை எதை வச்சுப் பார்த்தே?”

இதற்கு என்னிடம் பதில் இல்லை. இருந்தது, ஆனால் வாய்விட்டுச் சொன்னபோதே தப்பு என்று தெரிந்தது. ரிஃப்ராக்டோமீட்டர் என்பது தண்ணீர் ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்று பார்த்து உப்பளவைச் சொல்லும் கருவி. அதில் ஆர்ஓ தண்ணீர் ஒரு சொட்டு விட்டு 0-வில் நிறுத்துவேன், பெட்டியில் இருந்த காகிதத்தில் அப்படித்தான் போட்டிருந்தது.

“மூணையும் 1.13-ஆல பெருக்கிப் பாரு” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

பேருந்து நிறுத்தத்தில் நின்று பெருக்கினேன். 1160 என்பது 1310 ஆனது. 370 என்பது 418. 6.3 என்பது 7.1. மூன்றும் அப்படியே கடல் தண்ணீர். ஒன்று மட்டும் குறைந்தால் அதற்குத் தனிக் காரணம் இருக்கும், மூன்றும் ஒரே விகிதத்தில் குறைந்தால் தண்ணீரே நீர்த்துப் போயிருக்கிறது என்று அர்த்தம். கடலின் உப்பளவு 35 பிபிடி, அதாவது கிலோவுக்கு 35 கிராம், அதை 1.13-ஆல் வகுத்தால் 31. அதாவது நான் 35 என்று நம்பி மாதக்கணக்கில் 31-இல் தொட்டி ஓட்டியிருக்கிறேன், ஸோவாவும் கோமாளியும் எதையும் தாங்கும் என்பதால் தெரியவில்லை, அக்ரோ வந்ததும் தெரிந்தது. சோடாவும் வெள்ளைத் தூளும் கால்சியத்தைக் கொஞ்சம் தின்றிருக்கும், அதனால் கணக்கு அச்சுப்பிசகாமல் வர வேண்டும் என்று இல்லை, ஆனால் திசை தெளிவாகத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து சரிபார்த்தேன். இதற்கென்று 35 பிபிடி திரவம் விற்கிறார்கள், வாங்குவது நல்லது, அன்று இரவே தெரிய வேண்டும் என்பதால் நான் வீட்டில் கரைத்தேன். சாதாரணத் தூள் உப்பு 36.5 கிராம், ஆர்ஓ தண்ணீர் 963.5 கிராம், தண்ணீரையும் நிறுத்துத்தான் எடுக்க வேண்டும். இந்தக் கரைசல் ஒளியை வளைக்கும் அளவும் 35 பிபிடி கடல்நீர் வளைக்கும் அளவும் ஒன்று. கல் உப்பு வேண்டாம், அதில் ஈரம் இருக்கும், எடை ஏமாற்றும். சமையலறையில் தராசை வைத்து உப்பைத் துளித்துளியாகத் தட்டிக்கொண்டிருந்ததை என் மனைவி வாசலில் நின்று பார்த்தாள். “சாம்பார்ல ஒருநாளாவது இப்படி அளந்து போட்டிருக்கீங்களா?” என்றாள். பதில் சொல்லவில்லை.

ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். நீலமும் வெள்ளையும் பிரியும் கோடு 39-இல் நின்றது.

ஏன் இப்படி என்று கேட்டால் இரண்டு காரணம் சேர்ந்திருக்கிறது. நம் கைக்கு வரும் மலிவான ரிஃப்ராக்டோமீட்டர்கள் பலவும் கடல்நீருக்காகச் செய்தவை அல்ல, வெறும் உப்புக் கரைசலுக்காகச் செய்தவை. சமையல் உப்புக்குப் போட்ட அளவுகோலில் கடல்நீரை வைத்தால் 35 என்பது 36.5 என்று தெரியும், அதிலேயே ஒன்றரை போயிற்று. மீதி, கருவியின் சரிவுப் பிழை. 0-வில் சரியாக நிற்கும், மேலே போகப் போக விலகும். வீட்டுத் தராசில் ஒன்றும் வைக்காதபோது 0 காட்டுகிறது என்பதற்காக ஒரு கிலோவைச் சரியாக நிறுக்கும் என்று சொல்ல முடியுமா, அதே கதைதான். நாம் அளக்கும் இடத்துக்குப் பக்கத்தில், 35-இல் நிறுத்த வேண்டும். இப்போது எனக்கு 0-வில் என்ன காட்டுகிறது என்பதைப் பற்றி அக்கறையே இல்லை.

சரிசெய்த விதம் இவ்வளவுதான். உப்பை அள்ளிக் கொட்டவில்லை. விசிறி ஓடுவதால் என் தொட்டியில் நாளுக்கு 2 லிட்டர் ஆவியாகும், அதற்குப் பதிலாக வழக்கமாக ஆர்ஓ தண்ணீர் ஊற்றுவேன், அந்த இடத்தில் தொட்டிக்கான கடல் உப்பை 35-இல் கரைத்த தண்ணீர் ஊற்றினேன். 2 லிட்டரில் 70 கிராம் உப்பு, 170 லிட்டருக்கு நாளுக்கு 0.4 ஏறும். பத்து நாளில் 35. சோடாவை முழுக்க நிறுத்திவிட்டேன். பதினோராம் நாள் கேஹெச் 7.3, கால்சியம் 410, மக்னீசியம் 1300. எதையும் வாங்காமல்.

பிஹெச் கதை பாக்கி இருக்கிறது, அதுதானே என்னைச் சோடா ஆஷ் பக்கம் தள்ளியது. காலை 7.75-க்குத் தொட்டி காரணமா, அறை காரணமா என்று கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் போதும். ஒரு வாளியில் தொட்டித் தண்ணீர் எடுத்து, காற்றுக்கல் போட்டு, வீட்டுக்கு வெளியே தாழ்வாரத்தில் வைத்தேன். பக்கத்து வீட்டு ஆன்ட்டி கதவைத் திறந்து பார்த்துவிட்டு, வாளியில் தண்ணீரா, கொசு வரும் என்றார், இங்கே டெங்கி விஷயத்தில் எல்லோருக்கும் அந்தப் பயம் உண்டு. உப்புத் தண்ணீர், ஒரு மணி நேரம்தான் ஆன்ட்டி என்று சொல்லி, பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். 7.77-இல் தொடங்கியது, ஒரு மணி நேரத்தில் 8.1. வெளிக்காற்றில் ஏறுகிறது, அறைக்காற்றில் ஏறவில்லை என்றால் அறைக்காற்றில் கரியமில வாயு அதிகம். இருக்காதா பின்னே, பகலெல்லாம் கதவை, ஜன்னலைச் சாத்தி ஏசி போட்டு நான் அதற்குள் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறேன், ஏசி காற்றைக் குளிர வைக்குமே தவிர மாற்றாது. இரவில் தொட்டிக்குள்ளேயே பாசியும் பவளமும் வாயுவை வெளியே விடும், அது போக வழி இல்லை. புகைமூட்டக் காலத்தில் ஜன்னலே திறக்க முடியாதபோது இன்னும் மோசமாக இருந்தது நினைவுக்கு வந்தது, அப்போது நான் டெஸ்ட் கிட்டைத் திட்டியிருக்கிறேன்.

தொட்டிக் கழிவை நுரையாக்கி எடுக்கும் ஸ்கிம்மர் காற்று இழுக்கும் குழாயை நீட்டி ஜன்னல் இடுக்கு வழியாக வெளியே விட்டேன், நாலு வெள்ளிக் குழாய். காலை பிஹெச் 7.9-க்கு வந்தது. இதற்கு மேல் துரத்தப் போவதில்லை, பிஹெச் எண்ணைப் பிடிக்கப் பாட்டில் பாட்டிலாக ஊற்றுவதைப் போல வீண் வேலை இந்தப் பொழுதுபோக்கில் வேறு இல்லை என்பது என் அபிப்பிராயம்.

இப்போது துண்டுகள் வளர ஆரம்பித்திருப்பதால் கேஹெச் நாளுக்கு அரை டிகிரிக்கு மேல் இறங்குகிறது, இது நிஜமான செலவு. அதற்குச் சுண்ணாம்புத் தண்ணீர் விடுகிறேன். கால்சியம் ஹைட்ராக்சைடை ஆர்ஓ தண்ணீரில் கலக்கி, தெளியவிட்டு, மேல் தெளிவை மட்டும் இரவில் சொட்டுச் சொட்டாக. முழுச் செறிவில் 2 லிட்டர் விட்டால் என் தொட்டிக்கு 1.3 டிகிரி ஏறும், எனக்குப் பாதிச் செறிவே போதும். கால்சியமும் கேஹெச்சும் பவளம் எடுக்கும் அதே விகிதத்தில் சேர்கின்றன, போகிற போக்கில் கொஞ்சம் கரியமில வாயுவையும் தின்றுவிடும். மூடாமல் வைத்தால் மேலே பால் ஏடு மாதிரி ஒன்று படியும், காற்றில் உள்ள வாயு சேர்ந்து மறுபடி சுண்ணாம்புக் கல்லாகிறது, பொங்கலுக்கு அடித்த வெள்ளை சுவரில் இறுகுவதும் இதே வேதியியல்தான். மன்னார் வளைகுடாவில் ஒரு காலத்தில் பவளப்பாறையை வெட்டி எடுத்துச் சுண்ணாம்புக்காகச் சூளையில் எரித்தார்கள், நான் சுண்ணாம்பைக் கரைத்துப் பவளத்துக்கு ஊற்றுகிறேன், அந்த வட்டத்தை நினைத்தால் விநோதமாக இருக்கிறது. ஆனால் வெற்றிலைச் சுண்ணாம்பு போடலாமா என்று கேட்காதீர்கள், ஏற்கெனவே ஒருவர் கேட்டுவிட்டார், கூடாது, அதில் என்னென்ன கலந்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது. இதன் பிஹெச் 12-க்கு மேல், கண்ணில் பட்டால் ஆபத்து, பம்ப் மாட்டிக்கொண்டு மொத்தமும் ஒரேயடியாக உள்ளே போனால் தொட்டி பால் மாதிரி ஆகிவிடும். அதனால் கேனில் ஒருநாள் அளவுக்கு மேல் ஊற்றி வைப்பதில்லை.

மோன்டிபோராவின் வெளுத்த விளிம்பில் இப்போது ஊதா நிறத்தில் நூல் மாதிரி ஒரு கோடு தெரிகிறது. செத்த அக்ரோவின் எலும்பை எடுக்கவில்லை, அதன் அடியில் ஸோவா ஏறத் தொடங்கிவிட்டது. உப்புக் கரைசல் பாட்டில் சமையலறை அலமாரியில்தான் இருக்கிறது, என் மனைவி அதன் மேல் ஒரு தாள் ஒட்டியிருக்கிறாள்: “ரசத்துக்கு இல்லை”.